புயல் இரவில் தணிகை

சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக ரேணிகுண்டா நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் இரவு நேரத்தில் பயணம் செய்வோர், திருத்தணி நிலையம் நெருங்குமுன்னரே சன்னலோரம் வந்து நிற்பது வழக்கம். சுற்றிலும் இருள் சூழ்ந்திருக்க, ஒரு குன்று மட்டும் விளக்கு மாலை அணிந்து நிற்கும். திருப்பதி வேங்கடவனைத் தரிசிக்கப் புறப்பட்டவர்கூட ஒரு கணம் கைகூப்பி, மருமகனை வணங்கிவிட்டே மாமனிடம் செல்வார்.

அந்த விளக்கு மாலை ஒளியிழந்து போகும் இரவுகளும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் உருவாகும் புயல், சென்னைக்கு அருகே கரையைக் கடக்குமாயின் மேற்கே நகர்ந்து திருவள்ளூர் மாவட்டத்தின்மீதுதான் வரும். திருத்தணி கடற்கரை ஊர் அன்று. சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் உள்ளே இருப்பது. ஆயினும் கடலின் சீற்றம் காற்றாகவும் மழையாகவும் அங்கே வந்து சேர்ந்துவிடுகிறது. வடக்கே பச்சரிசி மலை, தெற்கே பிண்ணாக்கு மலை என இரண்டும் இருபுறம் நிற்க, நடுவே தணிகை மலை. மலையடியில் வீடுகள், சத்திரங்கள், கடைகள். காற்று முற்றும்போது முதலில் அணைவது வீட்டு விளக்கு; சிறிது நேரத்தில் தெருவிளக்கு; பின்னர் மலையின் விளக்கு வரிசை.

அத்தகைய நாள்களுள் மறக்கவொண்ணாத ஒன்று துர்முகி ஆண்டு கார்த்திகை 27ஆம் நாள். ஆங்கில முறையில் 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. கார்த்திகை மாதத்துக் கடைசிச் சோமவாரம் அது. அதனினும் சிறப்பாக, திருக்கார்த்திகைத் திருநாளும் அன்றே அமைந்தது. திருவண்ணாமலையில் மகாதீபம் ஏற்ற வேண்டிய நாள். தமிழகத்தின் ஒவ்வொரு வாயிற்படியிலும் அகல் வரிசை ஒளிர வேண்டிய நாள். ஆறுமுகப் பெருமானைப் பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்களின் பெயரால் விளங்கும் நாள். அந்த நாளின் பிற்பகலில்தான் ‘வர்தா’ புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தது. வர்தா என்பது பாகிஸ்தான் சூட்டிய பெயர். ரோஜா மலர் என்று பொருளாம். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய அந்த மலரின் கைவண்ணத்தால் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டுமே ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு வீழ்ந்தன. சில இடங்களில் மறுநாளே மின்சாரம் வந்தது. பல இடங்களில் நாள்கணக்கில் வரவில்லை.

அந்த நேரமும் சாதாரணமானது அன்று. ஒரு வாரத்துக்கு முன்னர்தான், டிசம்பர் 5ஆம் நாள், மாநில முதலமைச்சர் மறைந்திருந்தார். நவம்பர் 8ஆம் நாள் நள்ளிரவு முதல் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாமற் போயிருந்தன. வங்கி வாசல்களில் வரிசையில் நின்று களைத்த முதியவர்கள் பலர். கையில் இருக்கும் பணத்துக்குச் சில்லறை இல்லை; மின்சாரமும் நின்றதும் பணம் வழங்கும் இயந்திரமும் இல்லை. அகலுக்கு எண்ணெய் வாங்கவும் கடைக்காரரின் கணக்கு நோட்டுதான் துணை. தெருமுனை மளிகைக் கடையில் பெயர் சொல்லிக் கடன் வாங்கும் பழைய வழக்கம் அந்த வாரத்தில் எத்தனையோ ஊர்களில் மறுபடி உயிர்பெற்றது.

இதில் ஒரு பொருத்தம் எண்ணிப் பார்க்கத்தக்கது. 2020இல் வந்த நிவர் புயல் நவம்பர் 25 இரவு கரையைக் கடந்தது. அந்த ஆண்டுத் திருக்கார்த்திகை அதற்கு நான்கு நாள் பிற்பட்டது. 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரத்தருகே கரையேறிய மாண்டஸ், திருக்கார்த்திகை முடிந்த மூன்றாம் நாள் வந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் வெள்ளக்காடாக்கிவிட்டு ஆந்திரக் கரையில் ஏறிய மிக்ஜாமும் கார்த்திகை மாதத்துப் புயலே. புயல் வரும் மாதமும் விளக்கு வைக்கும் மாதமும் நம் நாட்டில் ஒன்றாகவே இருக்கின்றன. கார்த்திகை விளக்கீடு சங்கப் பாடல்களிலேயே பேசப்படும் தொன்மையுடையது. திருஞானசம்பந்தர் மயிலாப்பூர்ப் பதிகத்தில் போற்றிய விழாக்களுள் அதுவும் ஒன்று. மழை ஓய்ந்த தெளிவான மாதம் ஒன்றைத் தேடி முன்னோர் விளக்கு விழா அமைக்கவில்லை. காற்றும் ஈரமும் மிகுந்த மாதத்திலேதான் வாயிலில் அகலை வைத்தார்கள்.

அகலை வைப்பதற்கு அவர்கள் இடமும் அமைத்திருந்தார்கள். திருத்தணியைச் சூழ்ந்த பழைய வீடுகளின் வாயிற்சுவரில் இருபுறமும் மாடக்குழி இருக்கும். சுவருக்குள் ஒரு சாண் ஆழம் உள்வாங்கிய சிறு மாடம். எந்தப் பக்கத்துக் காற்றும் நேராகச் சுடரைத் தாக்காது. நூறாண்டுப் புகை படிந்து அதன் மேல்விளிம்பு கறுத்திருக்கும். புதிதாகக் கட்டும் வீடுகளில் வண்ண விளக்குகளுக்கெல்லாம் இடம் ஒதுக்குகிறோம். ஓர் அகலுக்கு இடம் விடுவதில்லை. வர்தா வீசிய மாலையில் மாடக்குழி உள்ள வீட்டார் விளக்கேற்றினர். இல்லாதவர் அகல்களை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டனர்.

மின்சாரம் நின்ற ஊரில் முதலில் புலப்படுவது இருள் அன்று, ஓசையின்மை. திருத்தணிப் பகுதி நெசவாளர் வாழும் பகுதி. அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை, எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர் என்று சுற்றிலும் தறி ஓடும் ஊர்கள். விசைத்தறியின் ‘சடக் சடக்’ ஒலி அங்குள்ளோர் காதுக்குத் தம் நெஞ்சத் துடிப்பைப் போல். ஓடும்வரை தெரியாது, நின்றால்தான் தெரியும். தறி நின்று, நீரிறைக்கும் மோட்டார் நின்று, தொலைக்காட்சியும் நின்றுவிட்டால், காற்றும் மழையும் சற்று ஓய்ந்த இடைவெளியில், பகலில் கேளாத ஒலிகள் கேட்கத் தொடங்கும்: ஓட்டிலிருந்து சொட்டும் நீர், தொலைவில் ஒரு மாட்டின் கழுத்துமணி, அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டியின் ‘முருகா’ என்னும் பெருமூச்சு. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் மலைமேல் அடிக்கும் மணியோசை கீழே தெருவுக்கு இறங்கி வரும். மேலே அருச்சகருக்கு மின்சாரம் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. கருவறையில் பெருமானுக்கு எதிரே எரிவது என்றும் எண்ணெய் விளக்குத்தானே.

வீட்டிலோ பரணிலிருந்து அரிக்கேன் விளக்கு இறங்கும். இந்தப் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் ‘அரிக்கேன்’ என்பது பெரும்புயலின் பெயர். புயற்காற்றிலும் அணையாதது என்பதால் அந்த லாந்தருக்கு அப்பெயர் வைத்தார்கள். தமிழ் வீட்டுக்கு வந்தபோது அச்சொல் புயலை வெளியே விட்டுவிட்டு, விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது. நம் பாட்டிமாருக்கு அரிக்கேன் என்றால் ஒளி. அதன் கண்ணாடியை மாலைதோறும் துடைப்பது வீட்டில் ஒருவரின் பொறுப்பாக இருந்தது. பழந்துணியில் சிறிது விபூதி தொட்டுத் துடைத்தால் கரிப்புகை போய்ப் பளிங்காகும் என்பதை இன்று எழுபது கடந்தவர் எல்லாரும் அறிவர். திரி சற்றே கோணலாக வெட்டப்பட்டிருந்தால் கண்ணாடியின் ஒரு பக்கம் மட்டும் கறுக்கும். அதற்காக வாங்கிய வசவும் நினைவிருக்கும்.

தொலைபேசிக் கோபுரங்களும் வர்தாவின் காற்றில் செயலிழந்தன. இதனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. இருளில் இருந்த முதியவர்கள் ஒருவாறு அமைதியாக இருந்தார்கள். ஒளியில் இருந்த பிள்ளைகள்தாம் தவித்தார்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் உள்ளவர்கள், தொலைக்காட்சியில் மரங்கள் வீழும் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு, மணி அடிக்காத எண்ணை மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டிருந்தார்கள். இங்கே அந்தத் தாயும் தந்தையும் கூடத்தில் கோரைப்பாய் விரித்து, பக்கத்து வீட்டாரோடு கார்த்திகைப் பொரி உருண்டையைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். தனித்து வாழும் முதியவரை அடுத்த வீட்டார் வந்து அழைத்துப்போய் உடன் வைத்துக்கொள்வது மலையடி ஊர்களில் இன்னும் அற்றுப்போகாத பண்பு. இன்சுலின் மருந்தை ஈரமணலில் அமிழ்த்திய மண்குடத்துள் வைத்துக் காப்பாற்றிக் கொடுப்பதும் அதில் அடங்கும்.

இனி, அந்த நீண்ட இரவை எப்படிக் கழிப்பது? மாலை 6 மணிக்கே இருட்டிவிடும் மாதம். விடிவதற்குப் பன்னிரண்டு மணி நேரம். கண் மங்கியவருக்கும் கைக்குப் பழக்கமான வேலைகள் உண்டு. பழைய வேட்டியைக் கிழித்துத் திரி திரிப்பார்கள். தொடையில் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை உருட்டினால் ஒரு திரி. பார்க்க வேண்டியதே இல்லை. கொல்லையில் காற்றுக்கு உதிர்ந்த நந்தியாவட்டையைப் பொறுக்கிவந்து இருளிலேயே தொடுப்பார்கள். சிறுவர்கள் தாயக்கட்டை உருட்டுவார்கள். சிறுமியர் பல்லாங்குழியில் புளியங்கொட்டை இடுவார்கள். அவையெல்லாம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் செல்லும். அதன்பின் யாராவது ஒருவர் பாடத் தொடங்கித்தான் ஆகவேண்டும்.

அங்கேதான் ஒரு சோதனை காத்திருக்கிறது.

கந்தர் சஷ்டி கவசத்தை அறியாத முருகனடியார் யார்? தேவராய சுவாமிகள் அருளிய அதனைச் சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் அன்றாடம் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இரண்டு மூன்று ஆகிவிட்டன. வானொலியில் கேட்டோம், ஒலிநாடாவில் கேட்டோம், இப்போது கைபேசியில் கேட்கிறோம். அப்பாடல் நமக்குப் பாடம் என்றே ஒவ்வொருவரும் எண்ணியிருக்கிறோம். மின்சாரம் நின்ற இரவில், இசைத்தட்டின் துணையின்றி, நாமே தொடங்கி நாமே முடிக்க முயலும்போதுதான் உண்மை வெளிப்படும். தொடக்கம் தெளிவாக வரும். உறுப்புகளைக் காக்க வேண்டும் பகுதி வந்ததும் வரிசை மாறும். காலில் தொடங்கித் தலைக்குப் போனவர் மறுபடி காலுக்கே வருவார். கூடத்தில் ஒருவர் நிறுத்த, மற்றொருவர் வேறோர் அடியிலிருந்து எடுக்க, அடுக்களையிலிருந்து மருமகள் சரியான அடியைச் சொல்லிக்கொடுப்பாள். சிரிப்பு எழும். மீண்டும் தொடங்குவார்கள். நாற்பதாண்டு கேட்டது வேறு, நெஞ்சில் நின்றது வேறு என்று அந்தச் சிரிப்பினூடே தெரிந்துவிடும். புத்தகம் அலமாரியில் இருக்கிறது. அகல் ஒளியில் எழுத்துத் தெரியவில்லை. அந்த இரவில் ஒருவருக்கு உள்ள பாடல், அவர் மனத்துள் உள்ள பாடல் மட்டுமே.

தணிகைக்கு இச்சோதனை புதிதன்று. அருணகிரிநாதர் இத்தலத்தின்மீது பாடியவற்றில் இன்று கிடைப்பவை அறுபதுக்கு மேல். பழநிக்கு அடுத்தபடி அதிகப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று இது. அவர் பாடியவை மொத்தம் பதினாறாயிரம் என்பது வழிவழிச் செய்தி. கிடைத்தவையோ ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். மற்றவை எங்கே போயின? பாடியவர் மறைய மறைய, ஏடு செல்லரிக்க அரிக்க, அணைந்து போயின. எஞ்சியவையும் அவ்வாறே போயிருக்கும், வ.த. சுப்பிரமணிய பிள்ளை என்னும் ஒருவர் தோன்றாதிருந்தால். கடலூர் மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில் அவர் பணியாற்றிய காலத்தில், தில்லைத் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் தங்கள் சிறப்புக்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாடல் ஒன்றைக் காட்டினர். அந்த ஒரு பாடலின் ஓசையில் மயங்கியவர், பின்னர் முனிசீப்பாக ஊர் ஊராக மாற்றலாகிச் சென்றபோதெல்லாம் ஏடு தேடினார். பாடுவோர் வாய்மொழியையும் கேட்டு எழுதினார். 1894இல் திருப்புகழ் முதற்பகுதி அச்சேறியது. அவர்தம் மைந்தர் வ.சு. செங்கல்வராய பிள்ளை அப்பாடல்களுக்கு உரை எழுதினார். தமிழுலகம் அவரைத் ‘தணிகைமணி’ என்றே அழைத்தது. ஒரு வழக்காவணத்தில் ஒரு பாடல் இடம்பெறாமல் போயிருந்தால், இன்று புயல் இரவில் தடுமாறிப் பாடுவதற்கும் நமக்குப் பாடல் இருந்திராது.

பாடலை நெஞ்சில் ஏற்றிய மற்றொருவர் வள்ளிமலைச் சுவாமிகள் என்னும் சச்சிதானந்த சுவாமிகள். துறவுக்கு முன் மைசூர் அரண்மனையில் சமையற்பணி செய்தவர். இளமையில் பள்ளிப்படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. திருப்புகழைக் கற்கவேண்டும் என்னும் வேட்கையே அவரை வளர்ந்த வயதில் தமிழெழுத்தைக் கற்க வைத்தது. திருவண்ணாமலைச் சேஷாத்திரி சுவாமிகளின் ஆசியோடு வள்ளிமலையில் தங்கித் திருப்புகழ் பரப்பினார். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைமார் வாசலில் எலுமிச்சம்பழமும் மாலையுமாக நம்மவர் காத்துக் கிடந்த காலம் அது. துரைகளுக்கெல்லாம் துரை தணிகைத் துரை இருக்கிறாரே, அவரை முதலில் கண்டு வாழ்த்துப் பெறுவோம் என்று டிசம்பர் 31 இரவில் அடியார்களைத் திரட்டிக்கொண்டு படியேறினார். தணிகை மலைக்கு ஆண்டின் நாள்களைப் போல் 365 படிகள். ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் காட்டி ஒவ்வொரு திருப்புகழ் பாடி ஏறுவது அன்றுமுதல் திருப்படித் திருவிழாவாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதிருந்தவர் ஏற்படுத்திய விழா, 365 பாடல் கேட்கும் விழா!

பாட்டு ஓய்ந்ததும் கதை. தணிகைக் கதைகளுக்கு இருளே பொருத்தமான அரங்கு. சூரனை வென்று, வேடரோடு பொருது, சினம் முற்றும் தணிந்து பெருமான் அமர்ந்த இடமாதலின் இது தணிகை. செருத்தணி என்பதே திருத்தணி ஆயிற்று என்பர். கந்தசஷ்டியின்போது மற்றைத் தலங்களில் சூரசம்ஹாரம் நிகழ, இங்கே மட்டும் அது இல்லை. மலரால் அருச்சிக்கும் புஷ்பாஞ்சலிதான். சினம் ஆறிய சுவாமிக்குப் போரை நினைவூட்டுவானேன்! வெளியே காற்று கதவை அறைந்துகொண்டிருக்கும்போது இந்தக் கதையைச் சொல்லும் பாட்டியின் குரலில் ஒரு தனி உறுதி இருக்கும்.

பேரன் கேட்பான்: “ஏன் பாட்டி, நம்ம கோயில்ல மட்டும் மயிலுக்குப் பதிலா யானை இருக்கு? அதுவும் சாமிக்கு முதுகு காட்டிக்கிட்டு?”

பாட்டிக்கு இது பிடித்தமான கேள்வி. தேவசேனையை மணமுடித்துக் கொடுத்த இந்திரன் ஐராவதத்தையும் சீதனமாகத் தந்துவிட்டான். யானை போனதும் தேவலோகத்தின் செல்வம் குன்றத் தொடங்கியது. கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா? கேட்க மனமில்லை. யானை அங்கேயே இருக்கட்டும், அதன் பார்வை மட்டும் என் ஊர்ப்பக்கம் இருக்கட்டும் என்று வேண்டினான். அதனால்தான் யானை கிழக்கு நோக்கி நிற்கிறது. மகளைக் கட்டிக்கொடுத்துத் தொலைவில் அனுப்பிய பாட்டிமார் எவரும் இக்கதையை விரைந்து முடிப்பதில்லை.

கதை தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிவதும் உண்டு. எல்லை ஊர் அல்லவா? ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம் மாநிலத்தோடு இணைந்தது. கோடு நிலத்தில் போடப்பட்டது, வீடுகளுக்குள் போடப்படவில்லை. மாமியார் ‘முருகா’ என்பார், மருமகள் ‘சுப்ரமண்யேஸ்வரா’ என்பாள். வள்ளி எந்த மொழியில் தினை காத்தாள் என்னும் வாதம் இன்றுவரை தீராதது. அதற்காக எந்த வீட்டிலும் அடுப்பு அணைந்ததில்லை. வர்தாவும் எல்லையைப் பார்த்து நின்றுவிடவில்லை. சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களும் அந்த இரவில் மழையில்தான் நனைந்தன.

இருட்டறையையும் விளக்கையும் தணிகையோடு சேர்த்து எண்ணும்போது வள்ளலார் நினைவுக்கு வராமல் இரார். சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில், வீராசாமி தெருவில், தமையனார் வீட்டு மாடியறை. சிறுவர் இராமலிங்கர் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, அதன்முன் விளக்கேற்றி வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்திருந்தார். அந்தக் கண்ணாடியில் அவருக்குத் தோன்றிய திருவுருவம் தணிகை முருகனுடையது. ஒரு சுடர், ஒரு கண்ணாடி, ஒரு சிறுவனின் ஏக்கம். 80 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த மலை மாடியறைக்கு வந்துவிட்டது. அவர் தணிகைப் பெருமான்மீது பாடியவை திருவருட்பாவில் நிறைந்திருக்கின்றன. பின்னாளில் கருங்குழியில் அவர் தங்கிய வீட்டில் எண்ணெய்க்கு மாறாகத் தண்ணீரில் விளக்கெரிந்த வரலாற்றையும் அன்பர்கள் அறிவர்.

முத்துசுவாமி தீட்சிதரின் வரலாறும் இம்மலைப் படிகளிலேதான் திரும்பியது. காசியிலிருந்து மீண்டு வந்தவர் தணிகையில் கண்மூடி அமர்ந்திருந்தார். முதியவர் ஒருவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டை இட்டு மறைந்தார். கண்விழித்ததும் பிறந்த பாடல் மாயாமாளவகௌளையில் அமைந்த ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’. அவருடைய முதற்கிருதி அதுவே என்பர். அன்றுமுதல் ‘குருகுஹ’ என்பதே அவருடைய முத்திரையாயிற்று. வீணை கற்ற குடும்பங்களில் புயல் இரவுக்கு இந்தக் கிருதி மிகவும் உதவும். வீணைக்கு மின்சாரம் வேண்டா.

இவ்வாறு ஓர் இரவு கழியும். வர்தாவின் மறுநாள் கீழ்வானம் வெளுத்தபோது, மூன்று மாவட்டத்திலும் முதலில் கேட்டது மரமறுக்கும் ஓசை. பிற மாவட்டங்களிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தனர். ஈரக்கம்பத்தில் ஏறி அவர்கள் கம்பி கட்டிய அந்த வாரத்தில், தெருவாசிகள் அவர்களுக்குக் காய்ச்சிக் கொடுத்த காப்பியை நைவேத்தியத்துக்கு ஈடாகச் சொல்லலாம். திருக்கார்த்திகைக்கு மூன்று நாள் விளக்கு வைப்பது பல குடும்பங்களின் மரபு. அந்த ஆண்டு இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வைத்த அகல்கள் மரபுக்காக மட்டும் எரியவில்லை. அவற்றின் ஒளியில்தான் சோறு பரிமாறினார்கள். டிசம்பர் 16இல் மார்கழி பிறந்தது. விடியற்காலை இருட்டில் கோலமிடக் குனிந்த பெண்கள் பலருக்கு வாசல் விளக்கு இன்னும் வந்திருக்கவில்லை. விரலுக்குப் புள்ளிக்கணக்குத் தெரிந்திருந்தது.

இக்காலத்தில் தணிகைக்கு வரும் முதிய அன்பர்கள் ஒன்றைக் கருத்திற் கொள்வது நன்று. கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் படியேற வேண்டா. மலைமேல் ஊர்தி செல்லும் பாதை உண்டு, அதுவும் காற்று அடங்கியபின். அரக்கோணத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டர்தான். ஒரு நாள் தாமதித்து வந்தாலும் சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார், கோபம் தணிந்த இடம் அது. அடிவாரத்தில் சரவணப் பொய்கையின் படிக்கட்டுகள் மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். கைபிடித்து இறங்க ஒருவர் உடனிருக்கட்டும்.

ஆண்டின் கடைசி நாள் மாலையில் அதே அடிவாரத்தில் பஜனைக் குழுக்கள் வந்து கூடத் தொடங்கும். சென்னையிலிருந்து, வேலூரிலிருந்து, சித்தூரிலிருந்து. முதற்படியில் மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் ஏற்றுவார்கள். கையில் புத்தகம் வைத்திருப்போர் பலர். கைபேசி வெளிச்சத்தில் படிப்போரும் இப்போது உண்டு. ஒவ்வொரு குழுவிலும் முதியவர் ஒருவராவது இருப்பார், புத்தகம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, தாளத்தை மட்டும் தொடையில் தட்டியவாறு. பாடுவோர் எங்கேனும் தடுமாறினால் அடுத்த சொல் அவரிடமிருந்துதான் வரும். பாடல் முடியும், கற்பூரம் அடுத்த படிக்கு மாறும்.